முன்சக்கரமும் இழுக்கிறதா?

தியானப் பகுதி: 2 கொரிந்தியர் 13:5, 2 தீமோத்தேயு 3:5



லாரிகளும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் நிறைந்த நம் சேலம், நாமக்கல் சமவெளியில், வண்டி என்பது பல குடும்பங்களுக்குச் சோறு. கொல்லிமலையிலோ ஏற்காட்டிலோ சிறிது நிலம் வைத்திருப்பவர், மிளகும் காப்பியும் இறக்கப் பழைய ஜீப் ஒன்றைத் தேடும்போது முதலில் கேட்கும் கேள்வி, "இது ஃபோர் வீலா?" என்பதுதான். மழைக்காலச் சேற்றுப் பாதையில் இரவு நேரத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணை ஏற்றிச் செல்ல நேர்ந்தால், அந்தக் கேள்விக்கான விடை உயிரோடு சம்பந்தப்பட்டது.

விடையை வெளித்தோற்றத்தில் காண முடியாது. மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கியது. அதன் வழிவந்த வண்டிகளில், ஒரே உருவத்தில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்பவை உண்டு. பின்சக்கரங்களுக்கு மட்டுமே விசை செல்பவையும் உண்டு. 2020-இல் வந்த புதிய தார் வண்டியிலும் 2023 முதல் பின்சக்கர விசை மட்டும் உள்ள வகை விற்கப்படுகிறது. பின்கதவில் 4×4 என்று எழுத்து ஒட்டுவதற்குச் சில ரூபாய்கள் போதும்.

ஆகவே அனுபவமுள்ள மெக்கானிக் எழுத்தைப் பார்ப்பதில்லை. முதலில் ஓட்டுநர் இருக்கையருகே கியர் கம்பி தவிர, விசையை மாற்றும் வேறு கம்பி உண்டா என்று பார்க்கிறார். பின்பு தரையில் படுத்து வண்டியின் அடியில் நோக்குகிறார். முன் ஆக்சிலில் பானை போல் உப்பிய டிஃபரன்ஷியல் இருக்கவேண்டும். வெறும் தண்டு மட்டும் இருந்தால் அது இரு சக்கர விசை வண்டியே. பானை இருந்தாலும் அவர் எழுந்துவிடுவதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன்பக்கம் செல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட் அதன் இடத்தில் இருக்கிறதா என்று தேடுகிறார். டீசல் மிச்சமாகும் என்றோ, பழுதுபார்க்கும் செலவுக்கு அஞ்சியோ அதைக் கழற்றிவிட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட வண்டியில் கம்பி அசையும், பானை இருக்கும், எழுத்தும் இருக்கும். முன்சக்கரத்துக்கு விசை மட்டும் போய்ச் சேராது.

கடைசிச் சோதனை இன்னும் எளியது. சமமான தரையில் பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, இன்ஜினை நிறுத்தி, கியரில் போட்டு, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கவேண்டும். இரு சக்கர நிலையில் அந்தச் சக்கரம் கையால் சுற்றினால் சுழலும். முன்சக்கரப் பூட்டு இருக்கும் வண்டிகளில் அதைப் பூட்டி, கம்பியை நான்கு சக்கர நிலைக்கு முழுமையாகக் கொண்டுவந்த பின் சுற்றிப் பார்த்தால், சிறு ஆட்டத்தைத் தவிர அது அசையக்கூடாது. அப்போதும் தாராளமாகச் சுழன்றால், உள்ளே எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது.

பிரியமானவர்களே, கொரிந்து சபைக்கு எழுதிய பவுல் அப்போஸ்தலன், பிறரை அல்ல, தங்களையே சோதித்துப் பார்க்கும்படி விசுவாசிகளை அழைத்தார். தீமோத்தேயுவுக்கு எழுதியபோதோ, பக்தியின் வேடம் இருந்தும் அதன் வல்லமை இல்லாத மனிதரைக் குறித்து எச்சரித்தார். அவர்களிடம் வெளியடையாளம் குறைவுபடவில்லை. ஆலய வருகை, வேதப்புத்தகம், ஜெப வார்த்தைகள் எல்லாம் நம்மிடமும் இருக்கலாம். ஆனால் முழங்காலில் பெற்றது, நாம் வீட்டில் பேசும் பேச்சுக்கும், கடையில் எடுக்கும் எடைக்கும், வேலைக்காரருக்குக் கொடுக்கும் கூலிக்கும் போய்ச் சேருகிறதா? நடுவிலிருக்கும் தண்டை வசதிக்காக நாமே கழற்றி வைத்திருக்கிறோமா?

சேலத்திலிருந்து நாமக்கல் வரையுள்ள நாற்கரச் சாலையில் இருவகை வண்டிகளும் ஒன்றுபோலவே ஓடும். வேறுபாடு தெரிவது ஈரமான ஏற்றத்தில். நம் வாழ்விலும் சமவெளி நாட்கள் நீளும்போது, எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். இதில் இன்னொரு உண்மையும் உண்டு. பல ஆண்டுகள் பயன்படுத்தாத நான்கு சக்கரக் கம்பி, தேவைப்படும் நாளில் இறுகி நின்றுவிடக்கூடும். ஆபத்துக்காக மட்டும் ஒதுக்கிவைத்த ஜெபமும் அப்படியே. வியாதிப் படுக்கையில் வார்த்தை தேடித் தவிப்பவர்களை ஊழியத்தில் அடிக்கடி காண்கிறோம். தேவன் அவர்களுடைய பெருமூச்சையும் கேட்கிறார்; ஆனாலும் தினந்தோறும் அவரோடு பேசிப் பழகியவர்களுக்கு அந்த வேளையில் கிடைக்கும் இளைப்பாறுதலே வேறு.

நம் கொல்லிமலையே இதற்குச் சாட்சி. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு பாதை செல்லும் அந்த மலைக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் தம்பதியர் சென்று வாழ்ந்தார்கள். 1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலால் மரித்தார். எவலின் தம் அழைப்பைக் கைவிடவில்லை; முதுமையிலும் மலைமக்கள் நடுவே ஊழியம் செய்து, 1974-இல் மரித்தார். அவர்கள் மகன் பால் பிராண்ட், வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்த மருத்துவர். அவர்களுடைய விசுவாசம் ஏற்றத்தில் சோதிக்கப்பட்டு நின்றது.

வண்டி வாங்கி விற்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்று நீதிமொழிகள் 11:1 போதிக்கிறது. தண்டு இல்லாத வண்டியை "ஃபோர் வீல்" என்று சொல்லி விற்பதும் கள்ளத்தராசுதான். வாங்குபவரையும் வேதம் விட்டுவைக்கவில்லை: நல்ல பொருளை மட்டம் என்று பேசி விலையைக் குறைத்துவிட்டு, அப்புறம் போய்ப் பெருமை பேசுகிறவனை நீதிமொழிகள் 20:14 காட்டுகிறது. குறையைச் சொல்லி விற்றால் சில ஆயிரங்கள் குறையலாம். ஆனால் மலையேறும் ஒரு குடும்பம் பத்திரமாக வீடு திரும்பும்.

இந்த வாரம் கர்த்தர் நம் வாழ்வின் அடியில் நோக்கும்படி இடங்கொடுப்போம். அவர் விலை குறைக்க நம்மைச் சோதிக்கிறவர் அல்ல. கழன்றதைப் பூட்டவே சோதிக்கிறார்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் தோற்றத்தை அல்ல, உள்ளத்தை அறிந்திருக்கிறீர். அறுந்துபோன தொடர்பை எங்களுக்குக் காண்பித்து, உமது கரத்தால் சீர்செய்யும். ஏற்றத்தின் நாளில் எங்களைத் தாங்கும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.