பழைய காருக்குப் புதுப் பலம்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போருக்கு ஆலோசகர்களுக்குக் குறைவில்லை. "இதை விற்றுவிட்டு வேறொன்று வாங்குங்கள்" என்பார் ஒருவர். "இன்னுங் கொஞ்சம் செலவு செய்தால் பறக்கும்" என்பார் மற்றொருவர். பன்விலையில் ஒரு மொறிஸ் மைனர் வண்டியை ஓட்டிவரும் எனக்கு இவ்விரு வகையினரும் நன்கு அறிமுகமானவர்கள். முதலாமவருக்குக் காலமே விடை சொல்லிவிட்டது. 2020 மார்ச்சில் நம் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுக் காலத்தில் ஓடுகின்ற எந்த வண்டிக்கும் விலை ஏறிற்று. வேறொன்று வாங்குவதென்பது மாதச் சம்பளக்காரனின் கணக்குக்குள் அடங்காத காரியமாயிற்று. ஆகவே இரண்டாமவரின் ஆலோசனையைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன். பழைய வண்டிக்குப் பலம் கூட்ட முடியுமா? முடியுமானால், சிக்கனமான வழி எது?

கேள்வி எனக்கு மட்டுமுரியதன்று. கண்டியிலிருந்து வத்தேகமை வழியாகப் பன்விலைக்கும், அதற்கப்பால் மடுல்கலைக்கும் ஏறும் பாதையிலே பழைய நாலு சிலிண்டர் கார்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்துத் துரைமார் கைமாற்றிக் கொடுத்தவை சில. கிளாக்கர்மாரும் ஆசிரியர்களும் சீட்டுப் பணம் சேர்த்து வாங்கியவை சில. என் வண்டியும் தந்தையார் வழியாக என்னிடம் வந்ததே. 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின்; ஒரே ஒரு காபரேற்றர்.

இவ்வண்டியின் வரலாறே மேம்படுத்தலின் வரலாறு எனலாம். சிமிர்னா நகரிலே பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் இதனை வரைந்தார். உற்பத்தி தொடங்குந் தறுவாயில் வண்டி ஒடுங்கியிருப்பதாக அவர் மனத்திற்பட்டது. மாதிரி வண்டியை நெடுக்கே இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் அகலமாக்கினார். மைனர் வண்டியின் எஞ்சின் மூடியில் நடுவே ஓடும் தட்டையான பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம் அதுவே. 1948இல் வெளிவந்த இவ்வண்டி, பிரித்தானியக் கார்களுள் முதன்முதலாகப் பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையைத் தொட்டது.

எஞ்சினும் அவ்வாறே படிப்படியாக வளர்ந்தது. 1952இல் 803 கன சென்ரிமீற்றர், 30 குதிரைவலு. 1956இல் 948, 37 குதிரைவலு. 1962இல் 1098, 48 குதிரைவலு. பத்தாண்டுக் காலத்திலே பதினெட்டுக் குதிரைவலுவைக் கூட்டுவதற்கு உற்பத்தியாளர் ஒரு பாகத்தை மட்டும் மாற்றவில்லை. சிலிண்டரின் கொள்ளளவையும் அமுக்க விகிதத்தையும் பின்னச்சின் பல்விகிதத்தையும் ஒன்றோடொன்று இணங்கும்படி மாற்றினார்கள். 1962இல் 48 குதிரைவலு எஞ்சினைப் பொருத்தியபோது இன்னொன்றையுஞ் செய்தார்கள்: முன்சக்கர பிறேக் உருளைகளை ஏழு அங்குலத்திலிருந்து எட்டு அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். ஓடும் வலுவைக் கூட்டுகிறவன் நிற்கும் வலுவையும் கூட்டவேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இந்தச் செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சென்ற வருடம் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வந்தான். இப்போது கண்டியிலே வேலை பார்க்கிறான். பாட்டனாருடைய மைனர் வண்டி அவன் கைக்கு வந்திருந்தது. தாயாரை மாதந்தோறும் கண்டி ஆஸ்பத்திரிக்கு அதிலேதான் அழைத்துச் செல்கிறான். "சேர், ஏற்றத்திலே முச்சக்கர வண்டிகூட முந்திப் போகிறது. இரட்டைக் காபரேற்றர் போடலாமென்று காசு சேர்த்து வைத்திருக்கிறேன். எது நல்லது என்று சொல்லுங்கள்" என்றான்.

"தம்பி, வாங்குவது பிறகு இருக்கட்டும். உன் எஞ்சினிடம் இப்போது என்ன மிச்சமிருக்கிறது என்று முதலில் பார்ப்போம்" என்றேன்.

சுவரிருந்தால்தான் சித்திரம் எழுதலாம். எஞ்சினுக்குச் சுவர் அதன் அமுக்கம். சூடான எஞ்சினின் நான்கு பிளக்குகளையும் கழற்றி, துவாரத்திலே அமுக்கமானியை வைத்து, அக்சிலேற்றரை முழுக்க மிதித்து ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் ஒவ்வொரு சிலிண்டரின் நிலையும் தெரிந்துவிடும். வத்தேகமையில் எங்கள் வண்டிகளைப் பார்க்கும் பாஸ் அதைச் செய்துகாட்டினார். மூன்று சிலிண்டர்கள் ஏறக்குறைய 150 இறாத்தல் காட்டின. நாலாவது நூறைக்கூட எட்டவில்லை. அந்தச் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் சோதித்தார். அளவு உயர்ந்திருந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன என்று பொருள், உயரவில்லை. எனவே நோய் வால்விலே என்பது உறுதியாயிற்று.

தலையைக் கழற்றியபோது நாலாவது சிலிண்டரின் வெளியேற்று வால்வு அமரும் இடம் அரிக்கப்பட்டிருந்தது. இதற்கும் ஒரு காரணமுண்டு. அக்காலத்துப் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு அமரும் வார்ப்பிரும்பின்மேல் மெல்லிய படலமாய்ப் படிந்து தேய்மானத்தைத் தடுத்துவந்தது. மக்களின் உடல்நலங் கருதி 2002இல் இலங்கை ஈயப் பெற்றோலை நிறுத்தியது. அது நற்செயலே, ஆனால் பழைய எஞ்சின்கள் அந்தக் கவசத்தை இழந்தன. தலையைக் கடைந்து, கடின உலோக வளையங்களை அழுத்திப் பொருத்துவதே இதற்குப் பரிகாரம். மூன்றேகால் சிலிண்டரில் ஓடிய வண்டிக்கு இரட்டைக் காபரேற்றர் பூட்டியிருந்தால் பெற்றோல் செலவு இரட்டித்திருக்குமேயன்றி ஏற்றம் எளிதாகியிராது.

இனி, மலைக்கு எவ்வளவு வலு வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம், மாணவர்களுக்கும் பயன்படும். மைனர் வண்டி ஏறத்தாழ 750 கிலோகிராம். ஆட்களும் சாமான்களுமாக 1000 என்று வைத்துக்கொள்வோம். பத்துக்கு ஒன்று என்ற சாய்வில் மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதற்குப் புவியீர்ப்பை எதிர்த்துச் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ 15 குதிரைவலு போதும். காற்றுக்கும் உராய்வுக்கும் இன்னுஞ் சில சேர்த்துக்கொள்ளலாம். நம்முடைய வளைவுகளில் அதற்குமேல் வேகம் போக எவருக்கும் துணிவு வராது, வரவுங்கூடாது. உயரம் ஏற ஏறக் காற்று ஐதாகி, ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் நூற்றுக்கு மூன்று வீதம் எஞ்சினின் வலு குறையும். ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவுக்குப் போனாலும் 37 குதிரைவலுவில் 30 மிஞ்சும். ஆகவே, நோயற்ற எஞ்சினாயிருந்தால் கம்பெனி கொடுத்த வலுவே மலைக்குப் போதுமானது. கைவிட்டுப்போன வலுவை மீட்பதே முதல் மேம்பாடு. மிக மலிவானதும் அதுவே.

மீட்கும் வழிகள் பலவற்றை வீட்டு முற்றத்திலேயே செய்யலாம். வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கையில் 0.012 அங்குலமாக வைத்தல்; பிளக் இடைவெளியை 0.025 அங்குலமாக்கல், டிஸ்டிரிபியூட்டரின் பொயின்ற் இடைவெளியை 0.015 அங்குலமளவில் வைத்து, பற்றவைக்கும் நேரத்தைச் சரிபார்த்தல். காற்று வடிகட்டியைச் சுத்தமாக்கல். இவற்றுக்கு வேண்டியவை ஒரு தகட்டளவியும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலைப்பொழுதுமே.

காபரேற்றரைப் பற்றியும் சொல்லவேண்டும். எஸ்.யூ. என்னும் இக்கருவியை 1905ஆம் ஆண்டளவிற் கண்டுபிடித்த ஸ்கின்னர் என்பவர் சப்பாத்து வணிகக் குடும்பத்திலே பிறந்தவர். தொடக்கத்தில் இதற்குள் தோல் துருத்தியே இருந்தது என்றால் வியப்பன்று. எஞ்சின் இழுக்கும் காற்றுக்கேற்ப இதனுள் ஒரு பிஸ்டன் உயரும். அதனடியில் தொங்கும் கூர்த்த ஊசியும் உடனெழுந்து, வேண்டியவளவு பெற்றோலுக்கு வழிவிடும். இவ்வளவுதான் தத்துவம். பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால் 'டக்' என்ற ஓசையோடு விழவேண்டும். விழாவிட்டால் அழுக்கோ, ஊசி மையந் தவறியதோ காரணம். மேலுள்ள குழாயில் எண்ணெய் வற்றியிருந்தால் அக்சிலேற்றரை மிதித்ததும் வண்டி தயங்கும். இரண்டு துளி எண்ணெயால் தீரும் குறைக்குப் புதுக் காபரேற்றர் வாங்கியவர்களை நான் அறிவேன்.

இத்தனையும் செய்தபின் கையில் காசு மிஞ்சினால், மெய்யான மேம்பாடுகளுக்கும் ஒரு வரிசையுண்டு. முதலாவது, பொயின்றுக்குப் பதிலான இலத்திரனியல் பற்றவைப்பு. அது வலுவைப் பெரிதாகக் கூட்டாவிட்டாலும், பொயின்ற் தேய்ந்து நேரம் தவறும் தொல்லையை நீக்கும். இரண்டாவது, ஒன்றேகால் அங்குலக் காபரேற்றருக்குப் பதிலாக ஒன்றரை அங்குல எஸ்.யூ. ஒன்று, அதற்கேற்ற ஊசியோடும் தாராளமான புகைக்குழாயோடும். மூன்றாவது, தலையைக் கழற்ற நேர்ந்தபோது அதன் அடித்தளத்தைச் சிறிது சீவி அமுக்க விகிதத்தை உயர்த்துதல். இதில் அளவு மீறினால், நம் நாட்டில் விற்கும் 92 ஒக்ரேன் பெற்றோல் தாங்காது, ஏற்றத்திலே எஞ்சினுள் 'கடகட'வென்ற தட்டொலி கேட்கும், பிஸ்டனுக்கே ஆபத்து. நான்காவது, அதே இனத்து 1098 எஞ்சினைப் பொருத்துதல். பல வகைச் சிறு கார்களுக்கும் பொதுவான எஞ்சினாதலால் இது கூடியவளவு பொருந்தும். ஆனால் எஞ்சின் இலக்க மாற்றத்தை மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திற் பதியவேண்டும். மலைநாட்டார் கவனிக்கவேண்டியது இன்னுமொன்று: 948 வண்டியின் பின்னச்சு விகிதம் 4.555, 1098க்கு உரியது 4.22. சமவெளியில் நெடுந்தூரம் ஓடுபவருக்கு 4.22 அமைதி தரும். ஏற்றத்துக்கோ பழைய விகிதமே நல்லது.

மேற்சொன்ன எதற்கும் முன்னே வருவது பிறேக். இங்கேயும் கணக்கே பேசட்டும். 1000 கிலோகிராம் வண்டி 500 மீற்றர் உயரம் இறங்கினால் விடுபடும் சக்தி, பதினைந்து லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் எஞ்சினும் அதிற் பங்கெடுத்துக்கொள்ளும். நடுநிலைக் கியரில் 'பெற்றோல் மிச்சம்' என்று வண்டியை உருளவிடுபவன் எஞ்சினின் பங்கையும் பிறேக்கின் தலையிலே சுமத்துகிறான். அவ்வளவு வெப்பத்தையும் நான்கு சிறிய உருளைகள் தாங்கவேண்டும். பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேர்ந்த எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகும். அப்போது மிதி தரையைத் தொடும், வண்டியோ நில்லாது. மைனர் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே எண்ணெய்ச் சுற்றுத்தான்; ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போயின. ஆகவே ஈராண்டுக்கு ஒருமுறை எண்ணெயை முற்றாக மாற்றுதல், றப்பர்க் குழாய்களைப் புதுப்பித்தல், கூடுமானால் 1962க்குப் பிந்திய எட்டு அங்குல உருளைகளை முன்னே பொருத்துதல், நல்ல றேடியல் டயர் போடுதல் ஆகிய நான்கும் எல்லா வலுவேற்றத்துக்கும் மூத்த மேம்பாடுகள்.

அந்தத் தம்பியின் சேமிப்பு இந்த வரிசையிலேயே செலவாயிற்று. முதற்பங்கு வால்வு வேலைக்கு. இரண்டாம் பங்கு பிறேக்குக்கு. மிகுதி இரண்டு டயருக்கு. இரட்டைக் காபரேற்றருக்கு ஒரு சதமும் மிஞ்சவில்லை. அதைப் பற்றி அவனுக்குச் சிறு மனக்குறை இருந்தது, இளைஞனல்லவா? வேலை முடிந்து முதன்முறை பன்விலைக்கு ஏறிவந்த அன்று, வழக்கமாக இரண்டாங் கியருக்கு இறங்கும் இடத்தில் மூன்றாங் கியரிலேயே வந்ததாகச் சொன்னான். அவனுடைய தாயார் சொன்னது வேறு. "ஏறினதை விடுங்க சேர், கண்டிக்கு இறங்கயில இப்ப நான் சீட்டைப் புடிச்சுக்கிட்டு இருக்கிறதில்ல" என்றார். நான் போட்ட கணக்குகள் அனைத்துக்கும் அதுவே விடையாகத் தோன்றியது.

சிக்கனத்துக்கு இன்னுமொரு சாட்சி 2022. அவ்வாண்டு எரிபொருள் அட்டை முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளவிட்டார்கள். அப்போதுதான் பலர் தம் காபரேற்றரின் மூடியை முதன்முதலாகத் திறந்து பார்த்தார்கள். சரியாக ஒழுங்குசெய்த எஞ்சின் ஒரே வேளையில் மூன்று நன்மைகளைத் தருகிறது: வலு கூடுகிறது, பெற்றோல் குறைகிறது, ஆண்டுதோறும் நடக்கும் புகைப் பரிசோதனையிலும் தேறுகிறது. விரலுக்கேற்ற வீக்கம் என்பது இதற்குப் பொருந்தும்.

பழைய வண்டியை வைத்திருப்பது ஏழ்மையின் அடையாளமென்று சிலர் எண்ணுகிறார்கள். அவ்வாறன்று. இங்கிலாந்திலே பாத் நகரில் மைனர் வண்டிகளைப் புதுக்கும் நிலையத்தை நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர், ஒரே வண்டியைப் பேணிப் புதுக்கி நெடுங்காலம் வைத்திருப்பதே அறிவுடைய சிக்கனம் என்று 1982இல் ஒரு நூலே எழுதினார். நம் நாட்டுத் தொழிலாளர் கைகளோ அந்நூலுக்கு முன்பே அதை அறிந்திருந்தன. அக்கைகள் இப்போது முதுமையடைந்து வருகின்றன. எஸ்.யூ. பிஸ்டனின் ஓசையைக் கேட்டே நோய் சொல்லும் பாஸ்மாரிடம் நம் பிள்ளைகள் சில விடுமுறை நாட்களைக் கழித்தால், பாடப்புத்தகத்திலே படித்த அமுக்கமும் வெப்பமும் சக்தியும் கண்முன்னே நின்று பேசும். வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் அதற்கு இடங்கொடுப்பார்களாக. மூடியைத் திறக்கும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் அழைத்து நிறுத்துங்கள். தகட்டளவியை அவர்கள் கையிலே கொடுங்கள்.