ஊட்டவும் திண்டியும்

ஹெப்பகோடியில் குடியிருந்து பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஆயத்த ஆடை தைக்கும் பெண்மணி அவர். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. மூன்று மாதங்களாகச் சோற்றுக் கவளம் நெஞ்சுக்குள் நின்று நின்றே இறங்கியது. மருத்துவர் பேரியம் விழுங்கல் சோதனைக்கு எழுதித் தந்தார்.

சோதனை மையத்தில் கொடுத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. ஊழியர் அதைக் கன்னடத்தில் சுருக்கிச் சொன்னார்: "ஊட்ட மாட்கொண்டு பரபேடி." அவரும் அவ்வாறே சென்றார். காலையில் சாம்பாரில் மசித்த அரை இட்லி, ஒரு தம்ளர் காபி, அவ்வளவே. கன்னட வழக்கில் இட்லி 'திண்டி'. 'ஊட்ட' என்பது முழுச் சாப்பாடு. சொன்னதை அவர் மீறவில்லை. ஆயினும் சோதனை தள்ளிப்போயிற்று. ஒரு நாள் கூலி போனது ஒருபுறம். அடைப்பு எதனால் என்று தெரியாமலே மேலும் பத்து நாள்கள் கழிந்தன.

தமிழில் சொல்லியிருந்தாலும் சிக்கல் முழுமையாகத் தீர்ந்திருக்காது. 'சாப்பிடக்கூடாது' என்றால் காபி அதில் அடங்குமா? 'காபி சாப்பிட்டீர்களா' என்று கேட்கும் வீட்டில் அடங்கும். 'காபி குடித்தீர்களா' என்று கேட்கும் வீட்டில் அடங்காது. 'விரதம்' என்றாலோ பாலும் பழமும் பலருக்கு விலக்கல்ல.

தொல்காப்பியக் கிளவியாக்கத்தில் ஒரு விதி உண்டு. வெவ்வேறு வினைக்குரிய பலவற்றைக் குறிக்கும் பொதுச்சொல்லை, அவற்றுள் ஒன்றற்கு மட்டும் உரிய வினையால் முடிக்கலாகாது என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் 'அடிசில்' என்னும் சொல்லை எடுத்துக்காட்டுவர். உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என்னும் நான்கும் அதில் அடங்குவதால், 'அடிசில் உண்டார்' என்னாது 'அயின்றார்' என்றல் வேண்டும். வகுப்பறையில் பழைய மரபாக மட்டுமே தோன்றும் இவ்விதி, சோதனை மையத்தின் வாயிலில் உயிருள்ள தேவையாக நிற்கிறது.

ஏனெனில் அங்கே விலக்கப்படுவது உணவு மட்டுமன்று. பேரியக் கரைசல் உணவுக்குழாயின் உட்சுவரில் படிந்தால்தான் ஊடுகதிர்ப் படத்தில் அதன் வடிவம் வெண்மையாகத் தெரியும். தங்கிய துணுக்கு கட்டியைப் போலத் தோற்றம் தரலாம். உள்ளே கிடக்கும் நீர்மம் கரைசலை நீர்க்கச் செய்யும். ஆகவே பல மையங்கள் முந்தைய நள்ளிரவிலிருந்தே தண்ணீரையும் விலக்கச் சொல்கின்றன. அன்றாட மாத்திரைகளை என்ன செய்வது என்பதை, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்கள், மருத்துவரிடம் முன்னரே கேட்டறிய வேண்டும். கருவுற்றிருக்கக்கூடும் எனில் அதையும் சொல்ல வேண்டும்.

இதற்கிடையே, பேரியம் எலி மருந்தாயிற்றே என்று பக்கத்து வீட்டில் யாரோ அச்சுறுத்தினர். அதுவும் பொதுச்சொல் செய்த வேலையே. எலிக்கு வைக்கப்பட்டது பேரியம் கார்பனேட்; வயிற்று அமிலத்தில் கரைந்து நஞ்சாவது. சோதனைக்குத் தருவது பேரியம் சல்ஃபேட். அது கரைவதில்லை, உடலில் ஏறாமல் வெளியேறிவிடும். ஓரிரு நாள் மலம் வெளுத்துப் போகும். மலச்சிக்கலைத் தவிர்க்கத் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

இரண்டாம் முறை அவர் ஊழியரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார்: "திண்டி?" "பேடா." "காஃபி?" "பேடா." "நீரு?" "அதுவும் பேடா." "வெற்றிலை?" ஊழியர் சிரித்துத் தலையசைத்தார். கழுத்தில் உலோகம் இருந்தால் படத்தில் நிழல் விழும் என்பதையும் அப்போதுதான் சொன்னார். முதல் நாள் இரவே அவர் தாலிச் சங்கிலியைக் கழற்றி வைத்து, மஞ்சள் துண்டைக் கோத்த கயிற்றை அணிந்துகொண்டார்.

சோதனை நடந்தது. உணவுக்குழாயின் கீழ்முனையில் ஒரு குறுக்கம் தெரிந்தது. அடுத்து உள்நோக்கிச் சோதனைக்கு அனுப்பினர். புதிய தாளை வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "இதுக்குத் தண்ணி குடிக்கலாமா?"