தள்ளிப்போகும் கோமுகம்

கங்கோத்ரி கோயிலிலிருந்து 18 கி.மீ. நடந்தால் கோமுகம். பனியாற்றின் வாயிலிருந்து பாகீரதி சாம்பல் நிறத்தில் சீறி வருகிறாள். பக்தர்கள் நீரைப் புட்டியில் பிடிக்கிறார்கள். வழியெங்கும் கிடக்கும் பாறைக் குவியல்களை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. நிலவியலாளர்களுக்கோ அவைதான் தலபுராணம்.

பனியாறு சுமந்துவந்து போட்டுவிட்டுப் பின்வாங்கிய கற்கள் அவை. பனி விலகிய நாள்முதல், விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பாறையைத் தாக்கி அதில் பெரிலியம்-10 அணுக்களை உண்டாக்குகின்றன. அவற்றை அளந்தால் பாறை எத்தனை காலமாக வெளியே கிடக்கிறது என்று தெரியும். மணலுக்கு வேறு வழி. அது கடைசியாக வெயில் கண்டது எப்போது என்பதை அதன் ஒளிர்வு சொல்லும். மாதிரியை இருட்டில் எடுக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் கணக்கே அழிந்துவிடும்.

1996இல் வெளியான மணல் கணக்கின்படி, சுமார் 63,000 ஆண்டுகளுக்கு முன் பனி 40 கி.மீ. கீழே, இன்று பஸ் போகும் ஜாலாவரை நீண்டிருந்தது. ஐரோப்பாவில் பனி உச்சத்தைத் தொட்டதோ சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்புதான். இமயத்துப் பனி வளரக் குளிர் மட்டும் போதாது, பருவமழையும் வேண்டும்.

1935இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஜே.பி. ஆடன் கோமுகத்தை வரைபடமாக்கினார். 1996க்குள் அது 1,100 மீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. யாத்ரீகர்களுக்கு நடை அந்த அளவு கூடிவிட்டது.