திங்கட்கிழமை கிளம்பாத கார்

தோட்டத்தில் யார் வீட்டுக் கார் கிளம்பாவிட்டாலும் முதலில் எழும் பேச்சு "பேட்டரி போச்சு" என்பதுதான். உடனே பட்டணத்துக்குப் போய், 200 வெள்ளிக்கு மேல் கொடுத்துப் புதியது வாங்கி மாட்டிவிடுகிறோம். மூன்றாம் மாதம் மறுபடியும் அதே கதை. "இப்ப வர்ற சாமானெல்லாம் இப்படித்தான்" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு, அடுத்த பேட்டரிக்குப் பணம் சேர்க்கத் தொடங்குகிறோம். பால் வாளி ஒழுகினால் அடியில் கைவைத்துத் தடவிப் பார்க்கிற நாம், கார் விஷயத்தில் மட்டும் ஏன் அப்படிப் பார்ப்பதில்லை?

நான் படித்தது ஆசிரியர் பயிற்சிதானே தவிர மோட்டார் வேலை அல்ல. ஆனால் என் அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்து பேட்டரித் தண்ணீர் ஊற்றும்போது, புனலைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. ஆறு அறைகள், ஒவ்வோர் அறைக்கும் 2 வோல்ட்டுக்குச் சற்று மேல், ஆறும் சேர்ந்தால்தான் 12 வோல்ட் பேட்டரி. குழாய்த் தண்ணீரை ஊற்றினால் அப்பாவிடம் அடி விழும். அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் பள்ளியில் மின்கலப் பாடம் வந்தால் எனக்குக் கொஞ்சம் உற்சாகம் கூடிவிடுகிறது.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் உள்ள லயத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டன. வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் பட்டணத்தில் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். விடியற்காலை ஐந்து மணிக்கே புறப்பட்டாக வேண்டும். அந்நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் ஏது? வீட்டில் இருக்கும் பழைய புரோட்டோன் சாகாதான் அந்த அம்மாவுக்கு உயிர். 1985-இல் முதன்முதலாக வெளிவந்தபோது நாம் பார்த்த அதே பெட்டி வடிவம்.

அந்தக் கார் அடிக்கடி படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. ஒரு பேட்டரி மாற்றினார். சில மாதத்தில் அதுவும் படுத்தது. இரண்டாவதும் வாங்கினார். அதுவும் அப்படியே. ஒருநாள் மாலை பள்ளி வாசலில் என்னைக் கண்டு நின்றார்.

"டீச்சர், இந்தக் காருக்குத் திங்கட்கிழமை ஆகாது போல இருக்கு. புதன், வெள்ளியில முனகிக்கிட்டாவது கிளம்புது. திங்கள்ன்னா சாவியைத் திருப்பினா 'டக்'குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான். கோயில்ல ஒரு தேங்காய் உடைச்சிடலாமான்னு இருக்கேன்."

"உடைங்க ஐயா. சனிக்கிழமை நானும் மீட்டரை எடுத்துக்கிட்டு வரேன்" என்றேன்.

அவர் சொன்னதில் ஒரு பெரிய குறிப்பு இருந்தது. திங்கள் நண்பகல் வீடு திரும்பும் கார், புதன் காலை ஐந்து மணி வரை ஏறக்குறைய 41 மணி நேரம் நிற்கிறது. வெள்ளி நண்பகல் திரும்பினால், திங்கள் காலை வரை 65 மணி நேரம் நிற்கிறது. நிற்கும் நேரம் கூடக்கூட நோய் முற்றுகிறது என்றால், நிற்கும்போதுதான் ஏதோ நடக்கிறது என்று பொருள். இதில் இன்னொரு வேதனையும் உண்டு. டயாலிசிஸ் நோயாளிக்கு அந்த வார இறுதி இடைவெளிதான் ஆபத்தானது. உடம்பில் நீரும் பொட்டாசியமும் அதிகமாகச் சேர்ந்திருக்கும் நாள் திங்கட்கிழமை. எந்த நாளைத் தவறவிடவே கூடாதோ, அந்த நாளில்தான் கார் காலை வாரியது. இரண்டு தடவை அடுத்த வீட்டுக்காரரை எழுப்பி, அவர் காரிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்பினாராம். மூன்றாம் தடவை அவர் வெளியூர் போயிருந்தார். அந்த அம்மா டயாலிசிஸ் நிலையம் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தாகிவிட்டது, மூச்சு வாங்கியதாம்.

பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லையென்றால் மூன்று காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். வாளியே ஓட்டையாக இருக்கலாம், அதாவது பேட்டரி பழசாகிப் பிடிப்பை இழந்திருக்கலாம். நம் நாட்டு வெயிலில் இரண்டு மூன்று வருடம் உழைத்தாலே அதிகம். அல்லது, வாளியில் யாரும் ஊற்றவில்லை. ஆல்டர்னேட்டரோ அதைச் சுற்றும் பெல்ட்டோ சரியாக வேலை செய்யவில்லை. அதுவும் இல்லையென்றால், கார் தூங்கும்போது யாரோ மொண்டுகொண்டு போகிறார்கள். புதுப் பேட்டரி வாங்குவது முதல் காரணத்துக்கு மட்டும்தான் மருந்து. மற்ற இரண்டுக்கும் அது ஓட்டைப் பையில் காசு போடுவது போலத்தான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போனேன். மல்டிமீட்டர் என்னும் அந்தச் சின்ன அளவுகருவி இப்போது மின்சாமான் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. முதலில், காரைக் கிளப்பாமல் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்த்தேன். இரவு முழுவதும் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட வெறும் பாத்திரம். இவருடையது 12.3 காட்டியது. முந்தின நாள்தானே பட்டணம் வரை போய் வந்தது! பிறகு காரைக் கிளப்பச் சொல்லிப் பார்த்தேன். 14.1. ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். ஆக, ஊற்றுகிறவர் ஒழுங்காகத்தான் ஊற்றுகிறார். முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்ததைச் சமையல் சோடாவும் சுடுதண்ணீரும் கொண்டு அந்த அம்மாவே தேய்த்துக் கழுவிவிட்டார். "அடுப்படி வேலைதானே இது" என்று ஒரு சிரிப்பு வேறு.

இனித் திருடனைப் பிடிக்க வேண்டும். சாவியை எடுத்து, விளக்கெல்லாம் அணைத்து, கதவுகளைச் சாத்தி அரை மணி நேரம் காரைச் சும்மா விட்டோம். பிறகு கழித்தல் முனையின் ஒயரைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவே மீட்டரை இணைத்தேன். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் செருக வேண்டும். அப்படி இணைத்திருக்கும்போது மறந்தும் காரைக் கிளப்பக் கூடாது, மீட்டர் போய்விடும். தூங்குகிற கார் 0.05 ஆம்பியருக்கு மேல் குடிக்கக் கூடாது. கடிகாரத்துக்கும் ரேடியோவின் நினைவுக்கும் அது தாராளம். ஆனால் மீட்டரில் நின்ற எண் 0.42.

பெரியவருக்குத் தரையில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவருடைய பேட்டரியின் கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி. புதன் காலைக்குள் 17 போய்விடுகிறது. பாதிதான் மிச்சம், முனகிக்கொண்டு கிளம்புகிறது. திங்கள் காலைக்குள் 27 போய்விடுகிறது. மிச்சம் இருப்பதில் எந்த இயந்திரம் சுற்றும்? திங்கட்கிழமையின் தோஷம் அவ்வளவுதான்.

பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னேன். எந்தப் பியூஸைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, அந்த வழியில்தான் திருடன் இருப்பான். பெரியவர் பிடுங்க, நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எல்லாப் பியூஸும் தீர்ந்தது. எண் அசையவே இல்லை! வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான், பேட்டரியின் கூட்டல் முனையிலிருந்து தடித்த சிவப்பு ஒயர் ஒன்று தனியாகக் காருக்குள் போவதைப் பார்த்தேன். அதன் நடுவே தனியாக ஒரு பியூஸ். அதைப் பிடுங்கியதும் எண் 0.02-க்கு இறங்கியது.

ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், முன் இருக்கைக்கு அடியில் ஒரு ஆம்பிளிபையர். ஜோகூரில் வேலை செய்யும் மகன், தீபாவளிக்கு வந்தபோது நண்பன் ஒருவனை வைத்துப் பொருத்தியது. அதை எழுப்பவும் தூங்கவைக்கவும் மெல்லிய ஒயர் ஒன்று உண்டு. ரேடியோவோடு சேர வேண்டிய அந்த ஒயரை எப்போதும் மின்சாரம் இருக்கும் இடத்தில் முறுக்கி வைத்திருந்தார்கள். பாட்டு நின்றாலும் பெட்டி இரவு பகலாக விழித்தே இருந்தது. தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடு. அந்தச் சூடுதான் பெரியவர் வாங்கிய இரண்டு பேட்டரியும்.

"அந்தப் பயல் வரட்டும்" என்று பெரியவர் பல்லைக் கடித்தார்.

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் அந்த அம்மா. "போக வர நான் பழைய பாட்டுக் கேக்கணும்னுதானே வச்சான்? அங்க நாலு மணி நேரம் படுத்திருக்கிறப்ப கார்ல கேட்ட பாட்டுதான் காதுல ஓடுது."

அவர் எதுவும் பேசவில்லை. பெட்டியைக் கழற்ற வேண்டாம், ஒயர் ஒன்றை இடம் மாற்றினால் போதும் என்று நான் சொன்னதும் இருவருக்குமே முகம் தெளிந்தது. பட்டணத்துப் பட்டறையில் கால் மணி நேர வேலை. அதுவரை அந்தப் பியூஸைச் சட்டைப் பையில் வைத்திருக்கச் சொன்னேன்.

நீங்களும் பார்ப்பதானால் சிலவற்றைக் கவனியுங்கள். ஒயரைக் கழற்றும்போது கழித்தல் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பேட்டரியிலிருந்து எரியும் வாயு கிளம்பும். பக்கத்தில் சிகரெட் பிடிக்கிறவரைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கணினி வைத்த புதுக் கார்களில் பேட்டரியைக் கழற்றினால் சில அமைப்புகள் அழிந்துவிடும். அந்தக் காருக்கு மட்டும் பட்டறைக்காரரைக் கேட்டுச் செய்வது நல்லது.

பெரியவரின் கார் அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் தவறாமல் கிளம்புகிறது. ஆனால் பேட்டரி முழுமையாகத் தேறவில்லை. அடியோடு காலியாகிக் காலியாகிக் கிடந்ததில், தகடுகளின் மேல் ஈய சல்பேட் இறுகிப் படிந்துவிட்டது. இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றி ஒருநாள் சும்மா வைத்துப் பார்த்தோம், 12.6-லிருந்து 12.4-க்கு இறங்கியிருந்தது. இன்னும் சில மாதம் ஓடும். மூன்றாவதற்கு இப்போதே மாதம் 30 வெள்ளி எடுத்து வைக்கிறார். மகனும் 100 வெள்ளி அனுப்பியிருக்கிறான்.