ஆறிய பிறகே நிறம்

‘ப்ளோன் அவே’ கண்ணாடி ஊதும் போட்டி 2019இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. திருவொற்றியூர் வீட்டில் அம்மாவோடு பார்த்தேன். உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயில் சுற்றி எடுத்து, வண்ணக் கண்ணாடித் தூளில் உருட்டுகிறார்கள். கோபால்ட் நீலம் தரும், மாங்கனீஸ் ஊதா, குரோமியம் பச்சை, தங்கம் மாணிக்கச் சிவப்பு. ஆனால் தகிக்கும்வரை எல்லாமே செம்மஞ்சள்தான். ஆறிய பிறகே அதனதன் நிறம் தெரியும்.

ஆண்கள் மிகுந்த அந்தத் தொழிலில், முதல் சீசனை வென்றவர் டெபோரா செரெஸ்கோ. “பொம்பளையா ஜெயிச்சா?” அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஃபிரோசாபாத் வளையல்களைப் பற்றிச் சொன்னேன். அங்கே உலையடியில் ஆண்கள். வீட்டுக்குள் குனிந்து, சுடரில் காட்டி வளையலின் இரு முனைகளையும் ஒட்டுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கூலி சொற்பம்.

அம்மா தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள்.

அப்பா இறந்த பத்தாம் நாள் அவள் வளையல்களை உடைத்தார்கள். முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரியில் பெண்ணெழுத்து நடத்திக்கொண்டிருந்த நான் சுவரோரம் நின்றேன். ஒரு சொல் சொல்லவில்லை. அம்மாவும் அதுபற்றிக் கேட்டதேயில்லை.

அந்த ஆடிப்பூரத்தில் வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு அக்கா பச்சை வளையல்கள் தந்தார். அம்மாவிடம் நீட்டினேன்.

“அன்னிக்கு ஏன்டி வாயத் தொறக்கல?”

“பயம்மா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டினாள். வளையல் ஏறவில்லை.

“சோப்பு எடுத்தா” என்றாள்.