போரில் இறங்கும் நாடா

மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா என்று வருஷா வருஷம் பேப்பரைப் பார்த்து வளர்ந்த மன்னார்குடிப் பக்கத்து ஆள் நான். நீரியல் படித்துவிட்டு களப்பணி பழக குண்டலுபேட்டைக்குப் போகிறேன் என்றதும் அப்பா சொன்னார்: "அவங்க எவ்வளவு தண்ணிய ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வா."

முன்பு மைசூரு மாவட்டத்தில் இருந்த ஊர். 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். ஊட்டிக்கும் வயநாட்டுக்கும் போகிறவர்கள் சூரியகாந்தி வயலில் படம் எடுத்துக்கொண்டு கடந்துவிடுவார்கள். குண்டல் என்று ஓர் ஆறு இருப்பது பலருக்குத் தெரியாது. அது நஞ்சன்கூட்டில் கபினியோடு சேர வேண்டிய ஆறு. கபினி கேரளத்தில் பிறந்து, திருமகூடலு நரசீபுரத்தில் காவிரியில் கலந்து, எங்கள் வாய்க்கால் வரைக்கும் வருகிறது. வயநாட்டு மலைவிளிம்பில் ஆயிரக்கணக்கான மில்லிமீட்டர் பெய்யும் மழை, மலைக்கு இந்தப் பக்கம் குண்டலுபேட்டைத் தாலுகாவின் பேரம்பாடியில் வருஷத்துக்கு 800 மி.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். வெயிலும் பயிரும் ஆவியாக்கக் கேட்பது 1,100 மி.மீ.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் பிரான்ஸின் ஐ.ஆர்.டி. ஆய்வு நிறுவனமும் 2001-இல் சேர்ந்து தொடங்கிய நீர் அறிவியல் கூட்டுக் குழு அளந்துவரும் களம் இது. பந்திப்பூர் காட்டுக்குள் மூலேஹொளே என்ற சின்ன நீர்ப்பிடிப்பு. வெளியே உழவு நடக்கும் பேரம்பாடி, 84 சதுர கிலோமீட்டர். காட்டில் தண்ணீர் எப்படி நடந்துகொள்கிறது, அதே பாறை, ஆனால் மோட்டார் ஓடும் நிலத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எனக்கு வேலை கற்றுத் தந்தவர் உள்ளூர்க்காரர். கன்னடத்திலும் 'அண்ணா'தான் என்பதால் முதல் நாளே அண்ணா ஆகிவிட்டார். கணினியில் நிலத்தடி நீர் மாடல் ஓட்டுவது எப்படி என்று கேட்டேன். நீர்மட்டம் அளக்கும் நாடாவைக் கையில் கொடுத்தார். நுனியில் உணர்கருவி இருக்கும். தண்ணீர் பட்டதும் பீப் அடிக்கும். போர்வெல்லில், கேசிங்குக்கும் உள்ளே இறங்கும் பைப்புக்கும் நடுவே உள்ள சந்தில் விட வேண்டும். மோட்டார் வயரில் சுற்றிக்கொள்ளாமல் இறக்குவதில்தான் கைப்பக்குவம். கேசிங் சுவரில் ஈரம் இருந்தாலும் பீப் வரும். அதனால் ஒரு சாண் ஏற்றி, மறுபடி இறக்கி, அதே இடத்தில் கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். தரைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கேசிங் உயரத்தைக் கழிக்க வேண்டும்.

நாடாவை இறக்குவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் அண்ணா கேட்கும் கேள்விதான் எனக்குப் பாடமாகப் பட்டது: "த்ரீ பேஸ் எப்ப வந்துச்சு? எப்ப போச்சு?" மோட்டார் நின்று நீர் மேலேறி நிலைத்த பிறகு எடுத்த அளவுதான் நீர்மட்டத்தின் அளவு. அதற்கு முன் எடுத்தது மோட்டாரின் அளவு. ஆகவே மின்சாரம் வரும் நேர அட்டவணையும் எங்கள் நோட்டில் ஒரு பத்தி.

இந்தப் பாறையில் நீர் பிடிக்கும் இடம் மொத்தப் பருமனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. பத்து மில்லிமீட்டர் மழை உள்ளே இறங்கினால் நீர்மட்டம் ஒரு மீட்டர் ஏறும். அவ்வளவே உறிஞ்சினால் ஒரு மீட்டர் இறங்கும். தவறான நேரத்தில் அளந்தால் மாடலுக்குள் பொய் மழை பெய்துவிடும் என்பார் அண்ணா.

செயற்கைக்கோள் கடக்கும் நாட்களில் வேலை விடியற்காலை. ஐரோப்பாவின் ஸ்மாஸ் 2009-இலும் நாசாவின் ஸ்மாப் 2015-இலும் ஏவப்பட்டவை. மண் ஈரத்தை மேலிருந்து படிக்கின்றன, காலை ஆறு மணியை ஒட்டி. அதே நேரத்தில் மஞ்சள் வயலிலும் செண்டுமல்லி வயலிலும் மேல் ஐந்து சென்டிமீட்டர் மண்ணை வளையத்தால் வெட்டி, டப்பாவில் அடைத்து, எடை போட்டு, 105 டிகிரியில் ஒரு நாள் காயவைத்து, மறுபடி எடை. வானத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் அகலத்தை ஒரே புள்ளியாகப் பார்க்கும் கருவியைச் சரிபார்ப்பது இந்த டப்பாக்கள்தான்.

பேரம்பாடியில் பள்ளத்தாக்குதான் ஆழம் போயிருக்கிறது. மேட்டில் நீர் மேலே, தாழ்வில் கீழே. பள்ளத்தில் போர்கள் நெருக்கம். ஆறு நிலத்தடி நீரிலிருந்து அறுந்துவிட்டது. மழை முடிந்தபின் ஊற்றால் ஓட வேண்டிய குண்டல் அதனால் ஓடுவதில்லை. இப்போது கபினியிலிருந்து குழாயில் தண்ணீரை மேலேற்றி இந்தத் தாலுகாவின் ஏரிகளை நிரப்புகிறார்கள். கபினிக்குத் தண்ணீர் தர வேண்டிய பக்கம் கபினியிடம் கடன் வாங்குகிறது!

அப்பா கேட்டதற்கு பதில் இங்கேதான் இருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் 740 டிஎம்சியைப் பிரித்தது: தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. நிலத்தடி நீரை எடுப்பது காவிரி நீரைப் பயன்படுத்தியதாகாது என்றும் சொன்னது. 2018-இல் உச்ச நீதிமன்றம் டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் கொண்டுவந்து, கர்நாடகத்தின் பங்கை மொத்தம் 14.75 டிஎம்சி உயர்த்தியது. எங்கள் ஊர் போரை எண்ணினால் குண்டல் கரைப் போரையும் எண்ண வேண்டாமா? நான் டெல்டாக்காரன் என்பதற்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. மோட்டார் உறிஞ்சும் நீர் மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலு அளவுமானிக்கு வராமலே போகிறது. அங்கே நின்று யாரைத் திட்டினாலும் அது தெரியாது.

சேர்ந்து கணக்கு வைக்கிற ஆறுகளும் உண்டு: மீகாங் ஆற்றில் கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்நாம் நாலும் 1995-இல் ஆணையம் அமைத்தன. தரவைப் பகிர்ந்து பொது மாடல்களை வைத்திருக்கின்றன. சண்டை தீர்ந்துவிடவில்லை, எதைப் பற்றிச் சண்டை என்பதாவது ஒரே எண்ணில் இருக்கிறது. பிரான்ஸும் இந்தியாவும் ஒரே நோட்டில் எழுத முடிகிறபோது மூன்று மாநிலங்களால் ஏன் முடியாது என்று அண்ணாவிடம் கேட்டேன். "பிரான்ஸ்காரருக்கு இங்க வயல் இல்லையே" என்றார்.

மாடலுக்கும் ஓர் எல்லை உண்டு. மஞ்சள் போட்டிருந்த அஜ்ஜி (பாட்டி) ஒருத்தி, நாங்கள் நாடாவைச் சுற்றும்போதெல்லாம், "இன்னொரு போர் போடலாமா, எந்த மூலையில?" என்று கேட்பாள். படுகை முழுவதும் நீர்மட்டம் எந்தப் பக்கம் சரிகிறது என்று சொல்லும் மாடல், அவள் வயலில் பாறை எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று சொல்லாது. அண்ணா அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அஜ்ஜி தேங்காய் வைத்து ஊற்றுப் பார்க்கிறவரை வரச் சொன்னாள். "சரி, போடுங்க. ஆனா எத்தனை அடியில பாறை வந்துச்சு, எத்தனை அடியில தண்ணி வந்துச்சுன்னு எழுதி வைங்க. எங்களுக்கு வேணும்" என்றார் அண்ணா.