ஒரே மேசையில் இரு விடைகள்

பெரம்பலூர் பேருந்து நிலையத்தை அடுத்த பயண முகவர் அலுவலகம் ஒன்றில், சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில், என் தங்கை மகளோடு அமர்ந்திருந்தேன். அவளுடைய கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையொன்றில் பணிபுரிகிறார். வளைகாப்பு வைக்குமுன் நான்கு வாரம் அவரோடு இருந்துவிட்டு வரவேண்டும் என்பது அவளது ஆசை. அப்போது அவளுக்கு 27-ஆம் வாரம். மருத்துவர் தடையேதும் சொல்லவில்லை. செலவை ஏற்பதும் திருச்சி விமான நிலையம்வரை கொண்டுபோய் விடுவதும் தாய்மாமனாகிய என் கடமை என்று உவந்து ஏற்றேன்.

பயணச்சீட்டுப் பதியும் இளைஞர், "எத்தனை வாரம் சார்?" என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். 28 வாரம் கடந்துவிட்டால் பல விமான நிறுவனங்கள் மருத்துவச் சான்று கேட்கும் என்பதால், திரும்பும் நாளுக்குச் சான்று வாங்கிக்கொள்ளுமாறு அக்கறையோடு எழுதியும் கொடுத்தார். அடுத்து, காப்பீட்டு விண்ணப்பத்தைத் திரையில் திறந்தார். அதிலும் ஒரு கேள்வி வந்தது: பயணி கருவுற்றிருக்கிறாரா?

"இதுக்கு 'இல்லை'ன்னு போட்டுடறேன் சார். 'ஆம்'னு போட்டா விண்ணப்பம் அங்கேயே நின்னுடும். எல்லாருக்கும் இப்படித்தான் போடறோம்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

ஐந்து நிமிட இடைவெளியில், ஒரே மேசையில், ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள். ஞாயிறு தோறும் எங்கள் பங்கில் மறைக்கல்வி கற்பிக்கும் நான், எட்டாம் கட்டளையை எத்தனை பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்திருப்பேன்! அன்று அது நினைவுக்கே வரவில்லை. பயணச்சீட்டோடு ஒட்டிவரும் ஆயிரத்துச் சில்லறை ரூபாய்த் தாள் என்பதற்கு மேல் அந்தக் காப்பீட்டை நான் மதிக்கவில்லை என்பதே உண்மை.

சிங்கப்பூர் சென்ற இருபதாம் நாள் இரவு அவளுக்குக் கடும் தலைவலி, கண் மங்கிற்று. இரத்த அழுத்தம் கட்டுக்கு அடங்காமல் ஏறி, வலிப்பு வரக்கூடும் என்ற நிலையில், உடனே குழந்தையை எடுத்தால்தான் இருவரும் பிழைப்பர் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். குழந்தை ஒரு கிலோ முந்நூறு கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் 34 நாள் இருந்தது. அந்நாள்களில் அரியலூர் மாவட்டம் திருமானூர்ப் பக்கம் வாழும் என் தங்கை, சனிக்கிழமைதோறும் ஏலாக்குறிச்சிக்கு நடந்தே போய் அடைக்கல அன்னையின் முன் செபமாலை சொல்லி வந்தாள். வீரமாமுனிவர் 'திருக்காவலூர்' என்று பெயரிட்டழைத்த அதே ஊர். தாயும் சேயும் பிழைத்தார்கள். அதற்காக இறைவனுக்கு நன்றி சொல்லாத நாள் எங்கள் குடும்பத்தில் இல்லை.

சிங்கப்பூரில் அரசு தரும் மருத்துவ மானியம் அயல்நாட்டுப் பயணிகளுக்கு இல்லை. தொகை ஐம்பதாயிரம் வெள்ளியைத் தாண்டியது. நம் பணத்தில் முப்பது இலட்சத்துக்கும் மேல். கணவரின் உடன்தொழிலாளர்கள் கையிலிருந்ததைத் திரட்டிக் கொடுத்தார்கள். நகைகள் வங்கிக்குப் போயின. மக்காச்சோளம் விளைந்த இரண்டு ஏக்கர் அடமானத்தில் இருக்கிறது.

காப்பீட்டு நிறுவனத்தின் பதில் ஆங்கிலத்தில் வந்தது. ஊரில் யாருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் வாசித்துப் பொருள் சொல்பவன் நான்தான். இதையும் நானே வாசித்தேன். மூன்று காரணங்கள் இருந்தன. கருவுறுதலாலும் பேறுகாலத்தாலும் எழும் செலவுகள் எவையும் இந்தப் பாலிசியில் அடங்கா. குழந்தை பாலிசியில் பெயர் குறிக்கப்பட்டவர் அன்று. விண்ணப்பத்தில் உண்மை மறைக்கப்பட்டது. முதலிரண்டையும் உரக்க வாசித்தேன். மூன்றாவதை வாசிக்கக் குரல் எழவில்லை.

"வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு அயல்நாட்டுப் பயணம் எதற்கு?" என்று கோவில் வாசலிலேயே பேசினார்கள். நிறைமாதத்தில் நாசரேத்திலிருந்து பெத்லகேம்வரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்த தாயை வணங்கிவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டு இப்படிப் பேசலாமோ? என் தங்கை மகள் செய்த பயணத்தில் பிழையில்லை. பிழை அந்த மேசையில் நிகழ்ந்தது.

இதன்பின் சில செய்திகளைத் தேடிப் படித்தேன். கனடாவின் சஸ்காட்செவான் மாநிலத்துப் பெண்ணொருவர், மருத்துவரின் இசைவு பெற்று, காப்பீடும் எடுத்துக்கொண்டு 2013-இல் ஹவாய்த் தீவுக்குச் சென்றார். ஒன்பது வாரம் முன்னதாகவே குழந்தை பிறந்துவிட, செலவு ஏறத்தாழ 9½ இலட்சம் அமெரிக்க டாலர் ஆயிற்று. முன்பே இருந்த உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி நிறுவனம் மறுத்துவிட்டது. வளமான நாட்டிலும் கதை இதுதான். நம் நாட்டில், மருத்துவக் காப்பீடுகள் பேறுகாலத்தை விலக்கும்போது எந்த வாசகத்தால் விலக்கவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வரையறுத்தது. கருப்பைக்கு வெளியே கரு தங்கிவிடும் ஆபத்தை அந்த வாசகம் விலக்குவதில்லை. ஆனால் வெளிநாட்டுப் பயணக் காப்பீடு அந்த வரையறைக்குள் வரவில்லை. ஆகவே நிறுவனத்துக்கு நிறுவனம் வாசகம் மாறும். கருவுற்ற காலத்தின் உயிராபத்தான சிக்கல்களை இத்தனை வாரம்வரை என்று ஏற்றுக்கொள்ளும் பயணக் காப்பீடுகளும் உலகில் உண்டு.

காப்பீட்டுச் சட்டத்தின் அடித்தளம் 'முழுமையான நல்லெண்ணம்' என்பதாம். அது இரு தரப்பையும் கட்டும். விலக்கு விதிகளை எடுப்பவரிடம் சேர்ப்பிக்காத நிறுவனம் பின்னர் அவற்றைக் காட்டித் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. அமெரிக்கா சென்று இறங்கிய விமான நிலையத்திலேயே மாரடைப்புக்கு ஆளான ஒருவரின் பயணக் காப்பீட்டுக் கோரிக்கையை, கொழுப்புக்கு மாத்திரை உண்டதைச் சொல்லவில்லை என்று மறுத்தது தவறு என 2021 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இவற்றைப் படித்தபோது நெஞ்சு சற்றே நிமிர்ந்தது. எங்களுக்கும் விதிகள் அடங்கிய ஏடு தரப்படவில்லை. ஒரு பக்கத் தாள்தான் கைக்கு வந்தது.

ஆயினும் என் மனம் அந்த இளைஞரின் ஒரு சொல்லிலேயே சிக்கி நின்றது. "விண்ணப்பம் அங்கேயே நின்னுடும்" என்றாரே, அதுவே எச்சரிக்கை! 'ஆம்' என்று போட்டிருந்தால் விண்ணப்பம் நின்றிருக்கும். ஏன் நின்றது என்று கேட்டிருப்போம். இந்தத் தாள் இவளுக்கு உதவாது என்பது அங்கேயே தெரிந்திருக்கும். வேறு காப்பீடு தேடியிருப்போம், அல்லது கணவரையே விடுப்பில் வரச் சொல்லியிருப்போம். நிறுவனத்தை ஏய்த்ததாக எண்ணி எங்கள் கண்ணையே கட்டிக்கொண்டோம்.

நிறுவனத்தின் குறைதீர் அலுவலரும் மறுத்தபின், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு விண்ணப்பிக்க முடிவு செய்தோம். மறுப்பு வந்த ஓராண்டுக்குள் எழுதவேண்டும், கட்டணமில்லை, 50 இலட்சம் வரையிலான வழக்குகளை அவர் விசாரிக்கலாம். நடந்ததை விவரிக்கும் இடத்தில் எழுதத் தொடங்கி, அந்த மாலைப்பொழுதை எட்டியதும் நிறுத்தினேன்.

"அண்ணா, அதை நீயே எழுதிக் கொடுத்தா கிடைக்கிற காசும் கிடைக்காமப் போயிடுமே" என்றாள் தங்கை. அவள் அடமானம் வைத்தது தன் நிலத்தை. அவள் கேட்டதில் தவறு காண என்னால் இயலவில்லை.

குழந்தைக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த மகள் நிமிரவில்லை. "நடந்ததை நடந்தபடியே எழுதுங்க மாமா" என்றாள்.

எழுதினேன். முகவர் அலுவலகத்தில் 'இல்லை' என்று பதிந்தது என் சம்மதத்தோடுதான் என்றும், அதே நேரத்தில் விமானச் சீட்டுக்கு வாரக் கணக்கைச் சரியாகச் சொன்னோம் என்றும், விதிகள் அடங்கிய ஏடு எங்கள் கைக்கு வரவேயில்லை என்றும், மூன்றையும் எழுதிக் கையொப்பமிட்டேன். பதிவு எண்ணோடு பதில் வந்திருக்கிறது. விசாரணை நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. அடுத்த மாதம் ஏலாக்குறிச்சியில் குழந்தைக்குத் திருமுழுக்கு. இப்போது நான்கு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கிறான்.